புலிக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா?

1

ஊர்ச் சைவ சபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சபைக்கு ஐம்பதாம் ஆண்டாம், மலர் போடுகிறீர்களாம். "கடல் கடந்து சென்றும் ஒழுக்கம் வழுவாமல், மலேசியத் தோட்டமொன்றில் ஒரு லயம் முழுவதையும் புலால் மறுக்கச் செய்த தாங்கள், அந்த அற்புதம் நிகழ்ந்த விதத்தை நான்கு பக்கங்களில் எழுதித்தர வேண்டும்" என்று, செயலாளர் அவர்களே, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். விழாவுக்கு வர முடிந்தால் சால்வையும் உண்டாம்.

இந்தக் கதையை யார் தாமிரபரணிக் கரைவரைக்கும் சுமந்துகொண்டு போனார்களோ தெரியாது. நல்லா இருக்கட்டும். கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். படித்துவிட்டு மலரில் போடுவதும் அடுப்பில் போடுவதும் உங்கள் இஷ்டம்.

நான் இப்போது ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் ஒற்றை ஆளாகக் குடியிருக்கிறேன். காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது எழுந்திருப்பேன், கோப்பி கலக்குவேன். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் பத்து மணிக்குப் பன்றி இறைச்சி வதக்கத் தொடங்கும். முன்பெல்லாம் ஜன்னலைப் படாரென்று சாத்துவேன். இப்போது சாத்துவதில்லை. ஒரே மகள் மங்கையர்க்கரசி தைப்பிங்கில் பள்ளி ஆசிரியை. பெயரை "மங்கை" என்று வெட்டிக்கொண்டாள், கையெழுத்தில் அதுவும் "எம்" என்று ஆகிவிட்டது. தைப்பிங்கில் மழை ஓயாததால் வர முடியவில்லை என்பாள். மழையாவது ஒன்றாவது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு அவளிடம் காரணம் இருக்கிறது.

2

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது நான் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். பாதித் தோட்டம் இருட்டாகவும் பாதித் தோட்டம் மொட்டையாகவும் கிடந்தது.

மங்கைக்கு எட்டு வயதில் என் மனைவி இறந்துபோனாள். பிள்ளையை வளர்த்தது லூர்தம்மாள். எங்கள் மண்டோர், அதாவது கங்காணி, ஆரோக்கியத்தின் மனைவி, ரப்பர் பால்வெட்டுக்காரி, பிள்ளை இல்லாதவள். தலை வாரிப் பின்னல் போட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலென்றால் பக்கத்தில் படுத்து, எல்லாம் அவள்தான். மங்கை அவளை அம்மா என்றே கூப்பிடுவாள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மங்கைக்கு என்று தனிச் சட்டி, அதில் புலால் படக்கூடாது. லூர்தம்மாள் சிரித்துக்கொண்டே, "சரி ஐயா, சட்டிய ஆணியில மாட்டி வெச்சுக்கிறேன்" என்றாள். மாட்டியும் வைத்தாள்.

ஆரோக்கியம் வேட்டைக்காரன். நான்கு நாய்களும் ஒரு ஈட்டியும் வைத்திருந்தான். மாதத்துக்கு ஒரு காட்டுப்பன்றியாவது விழும். விழுந்தால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கப் பங்கு. முதல் பங்கு நாய்களுக்கு, குடலும் மற்றதும் அந்த இடத்திலேயே. ஈரல், முதலில் ஈட்டி போட்டவனுக்கு. மிச்சம் வீட்டுக்கு ஒரு கூறு, கிழவி தனியாக இருந்தாலும் ஒரு கூறு. என் வீட்டுக்கு மட்டும் வராது. வராதது மட்டுமல்ல, என் கண்ணிலேயே படாது. என் வீட்டு வாசல் வழியாகத்தான் லயத்துக்குச் சாலை. ஆனாலும் பன்றியைத் தூக்கிக்கொண்டு சாலையில் வரமாட்டார்கள். பின்னால் சாக்கடையோரம் முள்ளில் இறங்கி, அரை மைல் சுற்றி வருவார்கள். ஐயா வீட்டுக்குக் கவிச்சி வாடை போகக்கூடாதாம். எனக்கு அது தெரியும். அந்த மரியாதையில் எனக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்தும்போனது, ஒத்துக்கொள்கிறேன். வெள்ளிதோறும் மாரியம்மன் கோயிலில் கொல்லாமையைப் பற்றி அரைமணி நேரம் நான் முழங்குவதைக் கேட்டுவிட்டு, அடுத்த நாள் முள்ளில் இறங்கிச் சுற்றுவார்கள்.

3

மங்கை ஆறாம் படிவம் போய் உயிரியல் படிக்க ஆரம்பித்ததும் வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

ஒருநாள் கண்ணாடியை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "அப்பா, வாயைத் தொறங்க. இந்தக் கூர்ப்பல்லு எதுக்கு இருக்கு?" என்றாள்.

"கரும்பு கடிக்க."

"நாம கொரங்கு ஜாதிலேருந்து வந்தவங்கப்பா. சிம்பன்ஸி கூட்டமாப் போய்ச் சின்னக் கொரங்கப் புடிச்சுத் திங்குதாம். நம்ம குடலும் மாட்டுக் குடல் மாதிரி நீளம் இல்ல. கறி தின்னுதான் நமக்கு மூளையே வளந்திச்சுன்னு சொல்றாங்க."

"உனக்கு வளந்த மூளை போதும். போய்ப் பாடத்தைப் படி."

"இதுதான்பா பாடம்."

நான் விடவில்லை. யானை என்ன தின்கிறது, பசு என்ன தின்கிறது, மான் என்ன தின்கிறது என்று அடுக்கினேன். தாய்ப்பன்றி தன் குட்டியையே தின்னும், அதற்காக நான் உன்னைத் தின்னவா என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு லூர்தம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். வாய்க்கொழுப்பு.

ஆரோக்கியத்துக்கு இந்தச் சண்டை கொண்டாட்டம், புலி புல்லா திங்குது என்று மங்கைக்கு எடுத்துக் கொடுப்பான். ஒருநாள் ஓடி வந்து, "ஐயா, கொஞ்சம் வாங்கலா, உங்க சைவ மாட்டக் காட்டுறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். லயத்துக் கோடியில் அவன் பசு நின்றுகொண்டிருந்தது. கடைவாயில் எலும்பு. பழைய எலும்பு, வெளுத்துப்போனது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கறக் கறக்கென்று மென்றுகொண்டிருந்தது. ஆரோக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசுவின் தாடையோரம் எச்சில் ஒழுகியது. நான் திரும்பி நடந்துவிட்டேன்.

இப்போது யோசித்தால், நாங்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். அவனுக்கு வேண்டியது புலி, மங்கைக்கு வேண்டியது குரங்கு, எனக்கு வேண்டியது பசு. ஆளுக்கொரு மிருகத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினோம். அதுகள் பாட்டுக்கு அதுகள் பசியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

4

செம்பனைக் கன்று வந்ததும் பன்றிகள் பெருகின. கன்றின் குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டு, அப்படியே என் வீட்டுப் பின்னால் இருந்த மரவள்ளியிலும் புகுந்தன. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் என் மரவள்ளிக் கொல்லையில் பாதி உழுத வயல். மறுநாள் மிச்சத்தில் பாதி. நான் ஆசையாக வைத்தது, ஒவ்வொரு குச்சியும் என் கையால் ஊன்றியது. எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல.

ஆரோக்கியம் பார்த்துவிட்டு, "கண்ணி வெக்கட்டா ஐயா? ஒரே ராத்திரிதான், மாட்டிக்கும்" என்றான்.

"என் மண்ணுல ரத்தம் விழக்கூடாது" என்றேன்.

எப்படி இருக்கிறது? பன்றி சாகவேண்டும், ஆனால் ரத்தம் வேண்டாம். கண்ணியில் மாட்டினால் அது விடியவிடியக் கத்தும். அந்தச் சத்தமும் வேண்டாம். அவன் போன பிறகு, அலுவலக ஸ்டோர் சாவி என்னிடம்தானே இருந்தது, புல்லுக்கு அடிக்கிற மருந்தை எடுத்துவந்தேன். கிழங்கில் கலந்து மூன்று இடத்தில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? கோயிலில் அரைமணி நேரம் முழங்குகிற வாய் இது. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

விடிந்து பார்த்தேன். கிழங்கு மூன்று இடத்திலும் இல்லை, பன்றியும் இல்லை. காட்டுக்குள் எங்கேயாவது போய் விழுந்திருக்கும், தொலைந்தது என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். அந்த வெள்ளிக்கிழமைகளில் ஆரோக்கியம் வீட்டில் புலால் கிடையாது, கஞ்சியும் துவையலும்தான்.

5

பன்றி காட்டுக்குள் போகவில்லை. செம்பனை ஓரத்து ஓடையில் பின்காலை இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. ஆரோக்கியத்தின் நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. வேறு யாரோ வைத்த கண்ணியை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது, அதனால்தான் கால் வரவில்லை என்று அவன் நினைத்தான். ஈட்டி போட்டான். நாய்களுக்குக் குடலைப் போட்டான். பிறகு வழக்கம்போல என் வீட்டைத் தவிர்த்து, அலுவலகத்தைத் தவிர்த்து, முள்ளில் இறங்கிச் சுற்றிக்கொண்டு பன்றியை லயத்துக்குக் கொண்டுபோனான். நேர்ச்சாலையில் வந்திருந்தால் என் மேசைக்கு முன்னால்தான் கடந்திருப்பான்.

வீட்டில் நடந்ததை மங்கை பிற்பாடு சொன்னாள். பள்ளி விடுமுறையாதலால் அவளும் அங்கேதான் இருந்திருக்கிறாள். லூர்தம்மாள் அடுப்பைப் பற்றவைக்க மறுத்திருக்கிறாள்.

"இன்னிக்குத் தபசு வெள்ளி. நான் கை வெக்க மாட்டேன். உப்புப் போட்டு வையி, நாளைக்குச் செய்யிறேன்."

"ஈரல் நாளைக்கு நாறிடும்லா. புலிக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா? கெடைச்சப்ப சாப்புடுது. நாமளும் அந்த ஜாதிதான். நீயே கேளு, படிச்ச புள்ள இருக்கு."

படித்த பிள்ளை சிரித்துக்கொண்டே சிம்பன்ஸிக் கதையையும் கூர்ப்பல் கதையையும் சொல்லியிருக்கிறது. இரண்டு பேர் ஒரு பக்கம், லூர்தம்மாள் ஒருத்தி. "எனக்கு வேணாம், நீங்க என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டி, ஈரலை வறுத்திருக்கிறாள். மங்கை என்னிடம் ஒளித்து அங்கே சாப்பிடுவது அது முதல் தடவையும் இல்லை.

பதினொன்றரை மணி இருக்கும். நான் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியத்தின் கறுப்பு நாய் அலுவலக வராந்தாவில் ஏறியது. நாலு கால்களும் நாலு பக்கம் போயின. நுரை தள்ளியது. இழுத்து இழுத்து, என் செருப்பின் மேல் தலையை வைத்து அடங்கிவிட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நொடியே, முழுசாக. பன்றி அகப்பட்டுவிட்டது, நாய் தின்றுவிட்டது, அடுத்தது லயம்.

நான் எழுந்திருக்கவில்லை. சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை, வைத்திருப்பவன் நான், இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. பெர்மிட் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். குடியுரிமைக்கு மனுப் போட்டு, நேர்காணலுக்கு அழைப்பு வந்து அந்த வாரம்தான் ஆகியிருந்தது. போலீஸ் கேஸ் என்றால் ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். மங்கை படிப்பு? ஒருவேளை நாய்கள் மட்டும்தான் தின்றதோ? ஒருவேளை இன்னும் சமைக்கவில்லையோ? தபசு காலமாயிற்றே, இன்றைக்குத் தொடமாட்டார்களே? இப்படியே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். "ஐயா, லோரி வேணும்! ஆரோக்கியம் அண்ணே வாந்தியா எடுக்குறாரு, கண்ணு சொருகிக்கிச்சு. உங்க பாப்பா வேற அங்கதான் இருக்கு."

மகளும் அங்கே என்று காதில் விழுந்த பிறகுதான் என் கால் ஓடியது. அதற்கு முன்னால் ஓடவில்லை. தன் குட்டிக்கு மட்டும் ஓடுவது எந்த மிருகத்தின் குணம் என்று நான் மங்கையிடம் கேட்டதில்லை. எல்லா மிருகமும் அப்படித்தான் என்று சொல்லியிருப்பாள்.

டிரஸர், தோட்டத்து மருத்துவ உதவியாளர், ஆரோக்கியத்தை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மங்கை மருந்தறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"நீயும் சாப்பிட்டியா பாப்பா?" என்று டிரஸர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல. நான் தொடல."

"மங்கை, உண்மையச் சொல்லு."

"சத்தியமா இல்லப்பா. எனக்குத் தனிச் சட்டிதானே."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். சாகிற வேளையிலும் அந்தப் பிள்ளைக்கு என் சட்டி மேல்தான் பயம். நான் இருவரையும் மருந்தறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். டிரஸர் முன்னாலேயே, "பன்றிக்கு மருந்து வெச்சது நான்தான்மா. நம்ம கொல்லைல. புல் மருந்து" என்றேன்.

அவள் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். "ரெண்டு துண்டு" என்றாள்.

6

மங்கை பிழைத்தாள். ஆரோக்கியம் மூன்றாம் நாள் ஈப்போ ஆஸ்பத்திரியில் போய்விட்டான். ஈரல் முழுக்க அவன் தின்றது. பங்கு வாங்கிய மற்ற வீடுகளில் நாய்கள் செத்த சேதி கேட்டுக் கறியைக் கொட்டிவிட்டார்கள். கால் மணி முன்னால் லாரி கிளம்பியிருந்தால் அவன் இருந்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தெளித்த புல்லைப் பன்றி மேய்ந்திருக்கலாம் என்று டிரஸர் எழுதிக்கொடுத்தார். என் மேல் இரக்கம்தான், என் பெர்மிட் விஷயம் அவருக்குத் தெரியும். யாரும் மேலே கேட்கவில்லை. கிராணி ஐயாவைச் சந்தேகப்பட இந்தத் தோட்டத்தில் யாருக்குத் தோன்றும்?

அடக்கத்தன்று லூர்தம்மாள் இரண்டு கையையும் சுவரில் மோதினாள். "தபசு வெள்ளியில இந்தக் கைதானே சமைச்சுச்சு! கர்த்தர் பாத்துட்டாரே! நான் மாட்டேன்னு நின்னிருக்கலாமே!" பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கையில் ரத்தம் வந்துவிட்டது. நான் குடையோடு இரண்டடி தள்ளி நின்றேன். ஒரு வார்த்தை போதும், அந்தக் கை நின்றிருக்கும். நான் சொன்னது, "அழாதம்மா."

அடுத்த வெள்ளி லயத்து ஆட்கள் கோயிலுக்கு வந்து, "ஐயா சொன்னப்ப கேக்கல. இனிமே நாங்க கறி தொட மாட்டோம்" என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். நான் திருநீறு கொடுத்தேன். செயலாளர் அவர்களே, நீங்கள் கேட்ட அற்புதம் இதுதான்.

நேர்காணலுக்கும் போனேன். அதிகாரி மலாயில் என்னென்னவோ கேட்டார். கடைசியில் காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார், பேச்சுப் பழக்கத்தைப் பார்க்க. காய்கறி என்பதற்கு மலாய் வார்த்தை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அன்றைக்கு வரவில்லை. "புல் சாப்பிட்டேன்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு மாதத்தில் குடிமகனுக்கான நீல ஐசி வந்தது.

ஒருநாள் மங்கையிடம், தின்னாததைக் கொல்வது எந்த மிருகத்திடமும் இல்லை, நான் மிருகத்துக்கும் கீழே போய்விட்டேன் என்று அழுதேன். "இருக்குப்பா," என்றாள். "மரநாய் கோழிக்கூட்டுக்குள்ள பூந்தா எல்லாத்தையும் கொன்னுட்டு ஒண்ணத்தான் தின்னும். ஆனா கோயில்ல போயி பேசாது." அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவள் இன்னும் கறி சாப்பிடுகிறாள். என் முன்னாலேயே சாப்பிடுகிறாள்.

7

உங்கள் கடிதம் வந்த வாரம் மங்கை அதிசயமாக வந்திருந்தாள். மேசை மேல் கிடந்ததைப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"அம்மா இன்னும் வெள்ளிக்கிழமைல பச்சத்தண்ணிகூடக் குடிக்கிறதில்ல, தெரியுமா? இத்தனை வருஷமா கறி, மீன், முட்டை ஒண்ணும் கெடையாது. உங்களுக்குச் சால்வையா?" கடிதத்தை மடித்து வைத்தாள். "நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லவா? அடுத்த ஞாயித்துக்கெழம நான் போறேன்."

நான் சனிக்கிழமையே போனேன். லூர்தம்மாள் இப்போது மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் தம்பி வீட்டோடு இருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, கடைசியில் மீன் வாடையை மோந்துகொண்டே நடந்தேன். வாசலில் உட்கார்ந்து கூலிக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தின்னாதவள், நாள் முழுக்க உரிக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஐயா, சொல்லியிருந்தா இதெல்லாம் எடுத்து வெச்சிருப்பேனே. வாடை அடிக்கும், உள்ள வாங்க." இன்னமும் என் மூக்குக்குப் பயப்படுகிறாள்.

நான் உள்ளே போகவில்லை. நின்றபடியே சொன்னேன். மருந்து, கிழங்கு, நாய், கால் மணி நேரம், எதையும் விடவில்லை.

அவள் இறால் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "அப்ப வெள்ளிக்கிழமைனால இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா."

"நான் சமைச்சதுனால இல்லியா?"

"இல்ல. என்னாலதான்."

இதையே மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் சொன்னேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"மங்கைக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை பொய்யோடு ஒன்று. "தெரியும்" என்றேன்.

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு வாறாளே ஐயா. எம் பக்கத்துலதானே படுப்பா. நான் ராத்திரியில எந்திரிச்சு முட்டிபோட்டு அழுவுறப்ப, முதுகத் தடவிக் குடுப்பாளே." "நாளைக்கு வாரேன்னு எழுதியிருந்தா. வர வேணாம்னு சொல்லிடுங்க."

ஞாயிறு காலை ஈப்போ பஸ் நிலையத்தில் மங்கையை மடக்கிப் பிடித்தேன். தைப்பிங் பஸ்ஸிலிருந்து இறங்கினாள், கையில் ஆரஞ்சுப் பை. சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"வர வேணாம்னுதான் சொல்லுவாங்க. நான் அவங்க மகதானே."

"கதவைத் தொறக்கலேன்னா?"

"வாசல்ல உக்காந்திருப்பேன். நீங்க வீட்டுக்குப் போங்கப்பா."

அவள் ஏறிய ஹுத்தான் மெலிந்தாங் பஸ் கிளம்பிவிட்டது. மூன்று வாரமாகிறது. தைப்பிங் பள்ளிக்குக் கடிதம் போட்டேன், லீவில் இருக்கிறாள் என்று பதில் வந்தது. ஹுத்தான் மெலிந்தாங்குக்கு இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நேரில் போகலாம். யாருக்காகப் போய் நிற்பது? மகளுக்காகவா, லூர்தம்மாளுக்காகவா? அந்தக் கதவு திறந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற வாயும் எனக்கு இல்லை.